இங்கே கிடைக்காத துணி

இருக்கிறதா, இல்லையா என்று ஒரே வார்த்தையில் கேட்டுவிட்டீர்கள் சார். நானும் ஒரே வார்த்தையில் பதில் சொல்லிவிடலாம். 'இல்லை' என்ற வார்த்தை காலையிலிருந்து என் வாயிலேயே இருக்கிறது. ஆனால் சொன்னதும் எழுதிக்கொண்டு காரில் ஏறிவிடுவீர்கள். ஏன் இல்லை என்று கேட்கமாட்டீர்கள். கேட்பது உங்கள் வேலையும் இல்லை. அதனால் முதலில் உட்காருங்கள். அந்த நாற்காலி வேண்டாம், கால் ஆடும். இதில் உட்காருங்கள். டீ வரும்.

கீழே சத்தம் கேட்கிறதல்லவா? ஓடுவது நீங்கள் கேட்கும் அந்தத் துணிதான். ஆட்டு ரோமமும் பட்டும் சேர்ந்த நூல். மில்லில் துணி ஓடிக்கொண்டிருக்கும்போதே இல்லை என்று சொல்லப் பார்க்கிறானே, இவனுக்கு என்ன ஆயிற்று என்றுதானே நினைக்கிறீர்கள்? என் மனைவியும் அதையேதான் கேட்டாள். சாந்தாமணி என்று பெயர். அவளுக்குப் பதில் சொல்ல எனக்கு வரவில்லை. உங்களுக்குச் சொல்லிப் பார்க்கிறேன். வெளி ஆளிடம் சொல்வது சுலபம்.

எனக்கு ஒரு சகலை இருக்கிறான். உங்களுக்குத் தெரிந்த ஆள்தான். மனு போட்டவன். தெய்வசிகாமணி. உங்கள் காகிதத்தில் மனுதாரர் என்று அவன் பெயரும், ஆட்சேபணை தெரிவித்தவர் என்று சென்னியப்பன் ஆகிய என் பெயரும் இருக்கும். நாங்கள் இருவரும் ஒரே வீட்டில் பெண் எடுத்தவர்கள் என்று அந்தக் காகிதத்தில் இருக்காது. நான் மூத்தவளைக் கட்டினேன். அவன் இளையவளை, கலாமணியை.

வெள்ளகோவில் பக்கம் எங்கள் மாமனார் வீடு. நான்தான் முதலில் போன மாப்பிள்ளை. ஒரு வருஷம் அந்த வீட்டில் நான் ஒருவன்தான் மாப்பிள்ளையாக இருந்தேன். அந்த ஒரு வருஷம் நன்றாக இருந்தது சார். பிறகு இவன் வந்தான். மாமனார் என்னை யாருக்காவது அறிமுகப்படுத்தும்போது, "இவர் மாப்பிள்ளை" என்பார். அவனை அறிமுகப்படுத்தும்போது, "இது எங்க மாப்பிள்ளை" என்பார். அந்த 'எங்க' என்ற வார்த்தையைக் கவனித்தீர்களா? சாந்தாமணியிடம் சொன்னால், "அதையெல்லாமா எடை போட்டுட்டு உக்காந்திருப்பீங்க?" என்பாள். எடை போடாமல் இருக்க முடியவில்லை. துணிக்காரன் நான், எதையும் எடை போட்டுத்தான் பழக்கம்.

அவன் சிரித்தால் பந்தலில் எல்லோரும் திரும்பிப் பார்ப்பார்கள். ஐம்பது தாண்டியும் தலை கறுப்பாக இருக்கிறது. சாயம் என்று நான் வெகுநாள் நம்பியிருந்தேன். ஒருமுறை குளத்தில் குளித்தபோது பக்கத்தில் நின்று பார்த்தேன். சாயம் இல்லை. எனக்குச் சர்க்கரை, அவனுக்கு இல்லை. விருந்தில் என் பக்கத்தில்தான் உட்காருவான். என் இலையில் இனிப்பு வைத்ததும், "அண்ணனுக்கு ஆகாதுங்க" என்று எல்லோருக்கும் கேட்கும்படி சொல்லி, எடுத்துத் தன் வாயில் போட்டுக்கொள்வான். ஊருக்கே என் நோயைச் சொல்லிவிட்டு என் ஜாங்கிரியையும் தின்கிறான். நீங்களே சொல்லுங்கள், இதை எப்படி எடுத்துக்கொள்வது? "அக்கறைங்க" என்கிறாள் சாந்தாமணி.

இருக்கட்டும். தொழிலுக்கு வருகிறேன்.

நான் எந்திரத்தில் துணி பின்னி ஓட்டுபவன், அவன் உடுப்புத் தைத்து ஏற்றுமதி செய்பவன். ஒருவருக்கொருவர் குறுக்கே வரவே தேவையில்லை. மூன்று வருஷத்துக்கு முன்பு என் தொழில் படுத்தது. எனக்குத் தொடர்ந்து வேலை கொடுத்த கம்பெனி ஒன்று சொந்தமாக எந்திரம் போட்டுக்கொண்டது. கீழே பாதி எந்திரங்களுக்கு மேல் பழைய படுதாவைப் போர்த்தி வைத்தேன். மில்லுக்குள் நுழைந்தால் சாவு வீட்டுக்குள் நுழைவது போலிருக்கும். அப்போது இவன் வந்தான். "நம்ம டீ-சர்ட் துணிய நீங்களே ஓட்டிக் குடுங்களேண்ணா, நான் வெளியதானே குடுக்கறேன்" என்றான். வேண்டாம் என்றேன். கொஞ்ச நாள் விட்டு மறுபடியும் கேட்டான். மறுபடியும் வேண்டாம் என்றேன். சகலையிடம் வேலை வாங்கிச் சாப்பிட்டால் அப்புறம் மாமனார் வீட்டுப் பந்தியில் நான் எந்த முகத்தோடு உட்காருவது? மூத்த மாப்பிள்ளை நான்.

அந்தத் தையில் மாமனாரின் குலதெய்வம் கோயிலில் கிடாவெட்டு. கறிவிருந்து முடிந்து எல்லோரும் பாயில் சாய்ந்திருந்தோம். இவன் காருக்குப் போய் ஒரு பையை எடுத்து வந்தான். அதிலிருந்து ஒரு முழத் துணியை எடுத்துப் பெண்கள் பக்கம் நீட்டினான். இத்தாலியிலிருந்து வந்த துணி. குழந்தை உடுப்புக்கு. குளிர்நாட்டில் பிறந்த குழந்தைக்கு முதல் சட்டை இந்தத் துணியில்தான் போடுவார்களாம்.

துணி கைமாறிக் கைமாறிப் போயிற்று. சாந்தாமணியிடம் வந்தது. அவள் அதை வாங்கித் தன் கன்னத்தில் வைத்துக்கொண்டாள். வைத்துக் கண்ணை மூடிக்கொண்டாள் சார். "என்ன மெதுங்க இது!" என்றாள்.

கல்யாணமான நாளிலிருந்து நான் துணிதான் ஓட்டுகிறேன். என் மில் துணியில்தான் எங்கள் வீட்டுத் தலையணை உறை, என் பனியன், பிள்ளைகளின் கால்சட்டை எல்லாமே. ஒரு நாளாவது அதை எடுத்து அவள் கன்னத்தில் வைத்திருக்கிறாளா? நான் பார்த்ததில்லை. கரித்துணிக்குத்தான் கிழித்திருக்கிறாள்.

அப்போதுதான் மாமனார் கேட்டார். "ஏம் மாப்ள, இத்தாலில வாங்கி இங்க தச்சு மறுபடி வெளிநாட்டுக்கு அனுப்பினா என்ன நிக்கும்?"

"வரி போட்டா ஒண்ணும் நிக்காதுங்க மாமா. நம்ம நாட்டுத் துணில தச்சா அந்த நாட்டுல வரி இல்ல, அப்படி ஒரு ஒப்பந்தம். வெளிநாட்டுத் துணின்னா வரி உண்டு. ஆனா ஒரு சலுகை வச்சிருக்கறாங்க. அந்தத் துணி நம்ம நாட்டுல எங்கயுமே கிடைக்காதுன்னா, வெளிநாட்டுத் துணியா இருந்தாலும் வரி இல்ல. அதுக்குத்தான் கமிட்டில மனு போட்டிருக்கறேன்."

"கிடைக்காதுன்னு எவன் ஊரெல்லாம் போய்த் தேடறது?"

"தேட வேண்டியதில்லீங்க. எல்லா மில்லுக்கும் அறிவிப்பு போயிரும். நான் செஞ்சு தர்றேன்னு ஒரே ஒருத்தன் கையத் தூக்குனாப் போதும், என் மனு செல்லாது. எவனும் தூக்கலைன்னா அந்தத் துணி பட்டியல்ல ஏறிரும். அப்புறம் எவ்வளவு வேணும்னாலும் கொண்டாந்துக்கலாம்."

"சும்மா வம்புக்குன்னு ஒருத்தன் தூக்கினா?"

"தூக்கறவன் கேக்கறப்ப செஞ்சு குடுக்கோணுமுங்க மாமா. வாயில சொன்னாப் பத்தாது. ஆனா இந்தத் துணியச் செய்யறதுக்கு நம்ம ஊர்ல எவன் இருக்கறான்?"

இதைச் சொல்லிவிட்டு என் பக்கம் திரும்பினான். "என்னங்ணா, நம்ம ஊர்ல எவனாச்சும் செய்வானுங்ளா?"

"செய்யமாட்டான்" என்றேன்.

"அதான். மாசக் கடைசி வரைக்கும் டைம். ஒருத்தனும் தூக்கமாட்டான்" என்றான். பிறகு பாயில் புரண்டு படுத்து, அதே விஷயத்தை, எந்தத் தேதி வரைக்கும் தூக்கலாம், எந்த விலாசத்துக்குக் கடிதம் போட வேண்டும் என்பது வரைக்கும், என் மச்சினனுக்கு இன்னொரு தடவை விளக்கமாகச் சொன்னான். மச்சினனுக்கு வாழைத்தோப்பைத் தவிர வேறு எதுவும் தெரியாது. எதற்கு அவனிடம் போய் இதைச் சொல்கிறான்? பெருமையடித்துக்கொள்கிறான் என்று நினைத்தேன். திமிர் என்று நினைத்தேன்.

திரும்பி வரும் வழியில் காரில் சாந்தாமணியின் கையில் அந்தத் துணிதான் இருந்தது. அந்த ஒரு முழத் துணியை அவன் அவளுக்கே கொடுத்துவிட்டிருந்தான். மடியில் வைத்துத் தடவிக்கொண்டே வந்தாள். நான் காங்கயம் தாண்டும்போதே முடிவு செய்துவிட்டேன்.

பொறாமை என்று சொல்வீர்கள். நானும் என்னைக் கேட்டுப் பார்த்தேன். இது பொறாமையா, தொழில்காரனின் ரோஷமா? ரோஷம் என்றுதான் மனசு சொல்லிற்று. நம் ஊரில் செய்ய எவனும் இல்லை என்று ஒருவன் சொல்கிறான், ஊரின் மானத்துக்காக நான் கை தூக்குகிறேன் என்று. ஊர் மானத்தைப் பற்றி அதற்கு முன்பு நான் யோசித்ததாக ஞாபகம் இல்லை. ஆனால் அன்றைக்கு யோசித்தேன். உண்மை.

கை தூக்கினேன். உங்கள் குழுவுக்கு எழுதினேன். மாதிரி கொண்டுவா என்றீர்கள். நீங்கள் அப்போது இந்த வேலையில் இல்லை, வேறொருவர் இருந்தார்.

அந்தத் துணியை வாழ்க்கையில் ஓட்டியதே இல்லை சார். பருத்திதான் என் கைக்குத் தெரியும். நூல் எந்த நாட்டிலிருந்து வந்தாலும் துணி இங்கே பின்னப்பட்டால் போதும் என்பது விதி. அதனால் நூலை வரவழைத்தேன். எந்திரத்தில் ஏற்றினேன். ஓடிய வேகத்தில் அறுந்தது. காற்றில் ஈரம் இல்லை, பங்குனி வெயில், நூல் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு ஊசியை முறித்தது. ஃபிட்டர் மயில்சாமி தலையில் கை வைத்துக்கொண்டான். "முதலாளி, இந்த வெயில்ல ஆடே தன் மயிரு வேண்டாம்னு நிக்குது. அத நாம காசு குடுத்து வாங்கி எந்திரத்துல மாட்டறோம்" என்றான். போடா என்றேன்.

ஒரு எந்திரத்தைத் தனி அறைக்கு மாற்றினேன். மற்ற எந்திரங்களின் பஞ்சுத் தூசி உள்ளே வராமல் சுவர் எழுப்பினேன். சாக்கை நனைத்துச் சுற்றிலும் தொங்கவிட்டேன். வேகத்தைக் குறைத்தேன். குறைத்தால் துணி தொளதொளவென்று வந்தது. ஊசியை மாற்றினேன். துணி வந்ததும் துவைத்தேன். குழந்தைச் சட்டைக்கு வெட்டியது பொம்மைச் சட்டையாகச் சுருங்கியது. மயில்சாமி சிரித்தான். நானும் சிரித்தேன், அப்புறம் கதவைச் சாத்திக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். எதற்காக இதைச் செய்கிறேன் என்று என்னையே கேட்டேன். சகலையின் முகம்தான் பதிலாக வந்தது. பாயில் புரண்டு, "நம்ம ஊர்ல எவன் இருக்கறான்?" என்று கேட்ட முகம். எழுந்து மறுபடியும் சாக்கை நனைத்தேன்.

வந்தது சார். கடைசியில் வந்தது. எந்திரத்திலிருந்து இறங்கியதும் கையில் எடுத்தேன். தண்ணீரை எடுத்தது போல இருந்தது. என் கையால் அப்படி ஒரு துணி வரும் என்று நான் நினைக்கவில்லை. வீட்டுக்குக் கொண்டுபோய் சாந்தாமணியின் முன்னால் விரித்தேன். இத்தாலித் துணியையும் பக்கத்தில் போட்டேன். அவள் இரண்டையும் தொட்டுப் பார்த்தாள். "எது அவருது, எது உங்களுது?" என்றாள். நான் சொல்லவில்லை. அவள் ஒன்றை எடுத்துக் கன்னத்தில் வைத்தாள். என்னுடையது. உள்ளே போய்ப் படுத்துக்கொண்டேன். பெரியவனாக இருந்திருந்தால் அன்றோடு விட்டிருப்பேன். மனு, ஆட்சேபணை எல்லாவற்றையும் கிழித்துப் போட்டுவிட்டு, போ சகலை, பிழைத்துக்கொள் என்றிருப்பேன். விடவில்லை.

சென்னையில் விசாரணை. மேஜைமேல் இரண்டு துணியையும் வைத்தார்கள். அதிகாரி சகலையைப் பார்த்து, "நீங்கள் கேட்ட துணிக்கு இது ஈடாகுமா?" என்றார். அவன் புறங்கையால் என் துணியைத் தடவினான். அவனுக்கு அது ஒரு வழக்கம், துணியை உள்ளங்கையால் தொடமாட்டான். தடவிவிட்டு, "ஆகுமுங்க. எனக்கு மறுப்பு இல்லீங்க" என்றான். அவ்வளவுதான். மனு தள்ளுபடி.

நான் என்னென்னவோ எதிர்பார்த்துப் போயிருந்தேன். கத்துவான், குறை சொல்வான், ஓட்டை இருக்கிறது என்பான் என்று பதில்களையெல்லாம் தயாராக வைத்திருந்தேன். பல வருஷம் கழித்து ஒரு தடவை ஜெயிக்கிறேன், தோற்றவனின் முகத்தைப் பார்க்க வேண்டாமா? அவனிடம் அப்படி ஒரு முகமே இல்லை சார். வெளியே வந்து, "சாப்டீங்களாண்ணா?" என்று கேட்டான்.

அடுத்த வாரம் இந்த அறைக்கே வந்தான். நீங்கள் உட்கார்ந்திருக்கும் அதே நாற்காலியில் உட்கார்ந்தான். "அப்புறமென்னங்ணா, துணி இங்கயே கிடைக்குதுன்னு ஆயிப்போச்சு. இனி நீங்கதான் எனக்குக் குடுக்கோணும். உங்கள விட்டா ஊர்ல ஆளில்ல" என்றான். அப்போதுதான் எனக்கு உறைத்தது. கை தூக்கியவன் கொடுத்தாக வேண்டும். கொடுக்காவிட்டால் நானே பொய்யன். சரி, இவனை விரட்டிவிடலாம் என்று ஒரு விலை சொன்னேன். வாயில் சொல்லவே கூச்சமான விலை. "சரிங்ணா" என்றான். பேரம்கூடப் பேசவில்லை.

எந்திரங்களின் மேலிருந்த படுதாவையெல்லாம் எடுத்தோம். போனவர்கள் திரும்பி வந்தார்கள். மயில்சாமியின் சம்சாரம்கூடத் துணி சரிபார்க்க இங்கே வந்து சேர்ந்தாள். சகலையின் குழந்தைச் சட்டை வரியில்லாமல் அந்த நாட்டுக்குப் போயிற்று. இத்தாலித் துணி கப்பலில் வந்து சேரக் காத்திருந்த காலம் போய், இங்கிருந்து அவன் ஃபேக்டரிக்கு அரைமணி நேரத்தில் துணி போயிற்று. வெளிநாட்டுக்காரன் இன்னும் அதிகமாகக் கேட்டான். அதாவது சார், அவனைக் கவிழ்க்க நான் தூக்கிய கையிலேயே ஏறி அவன் இன்னொரு படி மேலே போய்விட்டான். நான் அவனுக்குத் துணிக்காரன் ஆனேன். எது ஆகிவிடக் கூடாது என்று இருமுறை வேண்டாம் என்று சொன்னேனோ, அதுவாகவே ஆனேன். அதுவும் நானே வரிந்து கட்டிக்கொண்டு சண்டை போட்டு.

போன மாதம் ஏற்றுமதியாளர் சங்கத்தில் அவனுக்கு விருது. இங்கே கிடைக்காத துணியை இங்கேயே கிடைக்கச் செய்ததற்காக. அவன் என்ன செய்தான்? அவன் எங்கே செய்தான்? நனைந்த சாக்குக்கு நடுவில் நின்றது யார்? மேடையில் மைக்கைப் பிடித்துக்கொண்டு, "இது எனக்கு வர வேண்டியதில்லீங்க, எங்க அண்ணன் சென்னியப்பனுக்கு வர வேண்டியது" என்றான். எல்லோரும் திரும்பி என்னைப் பார்த்துக் கை தட்டினார்கள். எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. விருதையும் வாங்கிக்கொண்டு, பெருந்தன்மையையும் அவனே வாங்கிக்கொள்கிறான். எனக்கு என்ன விட்டு வைத்தான்?

வீட்டுக்கு வந்து சாப்பிட உட்கார்ந்தேன். பொரிந்து தள்ளினேன். என் உழைப்பில் அவன் மேடை ஏறுகிறான், அவன் என்னை உறிஞ்சுகிறான், அது இது என்று. சாந்தாமணி ரசம் ஊற்றிக்கொண்டிருந்தாள். கரண்டியைச் சட்டியில் போட்டாள்.

"அவர் நெனச்சிருந்தா அன்னிக்கே அந்தத் துணிய இத்தாலிலருந்தே கொண்டாந்திருப்பாரு. யார் கை தூக்குவாங்கன்னு தெரியாமயா பாயில படுத்துட்டு ரெண்டு தடவ அத்தன விவரமாச் சொன்னாரு?"

எனக்குப் புரியவில்லை. என்ன சொல்கிறாய் என்றேன்.

"மில்லுல எந்திரமெல்லாம் மூடிக் கெடந்தப்ப நான் கலாகிட்ட அழுதேன். அவ அவருகிட்டச் சொன்னா. அவரு ரெண்டு தடவ வந்து கேட்டாரு, நீங்க வேண்டாம்னுட்டீங்க. 'அண்ணன் குடுத்தா வாங்கமாட்டாரு. எதுத்து நிக்கறதுன்னா உசிரக் குடுத்து நிப்பாரு. நாம எதுத்து நிக்க ஒண்ணு குடுப்போம்'னாரு."

"அப்போ மனு?"

"மனு நெசந்தான். நீங்க தூக்கலீன்னாலும் அவருக்கு நட்டமில்ல. தூக்குனீங்கன்னா உங்களுக்கும் வழி. அப்படித்தான் சொன்னாரு. போதும், சோத்தத் தின்னுங்க."

தட்டிலேயே கை கழுவிவிட்டு எழுந்தேன்.

சார், ஒருவன் என்னை ஏமாற்றினால் தாங்கிக்கொள்வேன். இவன் ஏமாற்றவில்லை. எனக்கு நல்லது செய்திருக்கிறான். அதைத்தான் தாங்க முடியவில்லை. இத்தனை வருஷம் நான் அவனையே பார்த்துக்கொண்டிருந்தேன். அவன் தலைமுடி, அவன் சிரிப்பு, அவன் கார், எதையும் விடவில்லை. அவன் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தது எனக்குத் தெரியவே இல்லை. எந்த இடத்தில் தட்டினால் நான் எழுவேன் என்று அவனுக்குத் தெரிந்திருக்கிறது. என் மனைவிக்குத் தெரிந்திருக்கிறது. கலாமணிக்குத் தெரிந்திருக்கிறது. எனக்குத்தான் தெரியவில்லை. மூன்று பேரும் சேர்ந்து என்னை ஒரு மாட்டைப் போல ஓட்டி வந்து செக்கில் கட்டியிருக்கிறார்கள். மாடும் ரோஷத்தோடு சுற்றியிருக்கிறது.

அவன் பணக்காரன், சரி. அழகன், சரி. மாமனாருக்குப் பிடித்தவன், சரி. நல்லவன் இல்லை என்ற ஒன்றை வைத்துத்தான் நான் இத்தனை காலம் தூங்கினேன். அவன் நல்லவனாகவும் இருந்துவிட்டால் எனக்கு எங்கே இடம்?

யோசித்தேன். என் பொறாமை தப்பு என்று யோசித்திருக்க வேண்டும், அல்லவா? அதையும் யோசித்தேன், பொய் சொல்லவில்லை. கோயிலுக்குப் போனேன். நடந்தேன். திரும்பி வரும்போது வேறொன்று தோன்றிற்று. உங்கள் குழுவிலிருந்து கடிதம் வந்திருந்தது: இந்த வாரம் ஆள் வரும், அந்தத் துணி இன்னும் இங்கே கிடைக்கிறதா என்று கேட்கும். நான் 'இல்லை' என்று சொன்னால் போதும். துணி பட்டியலில் ஏறிவிடும். அவன் இத்தாலியிலிருந்து வரியில்லாமல் கொண்டுவந்துகொள்ளட்டும். எனக்கு அவன் தயவு வேண்டாம். எந்திரத்தை மூடிக்கொள்கிறேன். மயில்சாமிக்கு வேறு மில் கிடைக்கும். அவன் சம்சாரத்துக்கும் கிடைக்கும். மற்றவர்களுக்கு... கிடைக்கும். திருப்பூரில் வேலைக்கா பஞ்சம்? சாந்தாமணி இன்று காலை என்னோடு பேசவில்லை. டீயை டக்கென்று வைத்துவிட்டுப் போனாள். பேசாவிட்டால் போகட்டும். ஒரு நாளாவது நான் யாருக்கும் கடன்படாதவனாக இருக்கிறேன்.

அதனால்தான் சொல்கிறேன் சார். எழுதிக்கொள்ளுங்கள். இல்...

என்ன எடுக்கிறீர்கள் பையிலிருந்து?

இது யார் துணி? பெருந்துறையிலா? எந்த மில்? அவனா? அவன் போர்வை அல்லவா ஓட்டிக்கொண்டிருந்தான்! எப்போது கை தூக்கினான்? அப்படியானால் நான் இல்லை என்று சொன்னாலும் பட்டியலில் ஏறாதா? சகலை அவனிடம்தான் வாங்கியாக வேண்டுமா?

கொடுங்கள் இப்படி.

இது துணியா சார்? இதைத் துணி என்றா உங்கள் குழு வாங்கி வைத்திருக்கிறது? வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். இங்கே, இந்தக் கோடு தெரிகிறதா? ஒரு ஊசி வளைந்திருக்கிறது, அதைக்கூட மாற்றாமல் ஓட்டியிருக்கிறான். இழுத்து விடுங்கள். திரும்பிப் போகிறதா? போகாது. இரண்டு துவைப்பில் குழந்தையின் கழுத்தில் தொங்கும். பட்டு நூலை மிச்சம் பிடித்திருக்கிறான். கையில் உரசினாலே தெரியவில்லையா? பிறந்த குழந்தை சார். அதன் தோலில் போடுவது.

சகலை பார்த்தானா இதை? பார்த்தானா? என்ன சொன்னான்?

'பரவாயில்லை' என்றானா?

பரவாயில்லையாமா! புறங்கையால் தொட்டுப் பார்த்துமா அப்படிச் சொன்னான்? என் துணியைத் தொட்ட கையால் இதையும் தொட்டுவிட்டுப் பரவாயில்லை என்று சொல்ல அவனுக்கு எப்படி வாய் வந்தது? ரெண்டு வருஷமாக ஒரு ரோல் திரும்பி வந்ததுண்டா? ஒரு ஓட்டை உண்டா? இங்கே ஒருவன் சாக்கை நனைத்து நனைத்துக் கை வெந்து கிடக்கிறான், போர்வைக்காரன் கொண்டுவந்து காட்டியதும் பரவாயில்லையா? ஒரு வார்த்தை என்னிடம் சொன்னானா? போன ஞாயிற்றுக்கிழமை பக்கத்தில்தான் உட்கார்ந்து சாப்பிட்டான். என் இலையிலிருந்து அதிரசத்தை எடுத்தான். வாய் திறக்கவில்லையே!

இருங்கள். ஒரு நிமிஷம் இருங்கள்.

இந்தப் பெருந்துறைக்காரன் தானாகவா வந்தான்? யாராவது சொல்லி அனுப்பி வந்தானா? நீங்கள் இன்றைக்கு இங்கே வரப்போவது சகலைக்குத் தெரியுமா? இந்தத் துண்டை எடுத்துக்கொண்டு போங்கள், எங்க அண்ணன் பார்க்கட்டும் என்று யாராவது...

சாந்தாமணி காலையில் வாயைத் திறக்காதது கோபத்தினால்தானா?

சிரிக்காதீர்கள் சார். நீங்கள் அரசாங்க வேலையாக வந்திருக்கிறீர்கள்.

சரி. இருக்கட்டும். அவன் அனுப்பியிருந்தாலும் இருக்கட்டும், அனுப்பாவிட்டாலும் இருக்கட்டும். அதை அவனிடம் நான் பேசிக்கொள்கிறேன். இந்தத் துண்டை முதலில் பைக்குள் வையுங்கள், பார்க்கச் சகிக்கவில்லை. டீ ஆறிவிட்டது, வேறு சொல்கிறேன். கீழே வாருங்கள், எந்திரத்தைக் காட்டுகிறேன். துணியை உங்கள் கையாலேயே தொட்டுப் பாருங்கள்.

எழுதுங்கள் சார். இருக்கிறது. என் பெயரைப் போட்டு, இருக்கிறது என்று எழுதுங்கள்.

இங்கே மட்டும்தான் இருக்கிறது என்று எழுத உங்கள் சட்டத்தில் இடம் உண்டா?